தேர்வுப் பதற்றமும் சிபிடியும்: மாணவர்களோடு உட்கார்ந்து தெரிந்துகொண்டவை

ஜனவரியில் ரிவிஷன் டெஸ்ட் ஆரம்பித்ததும் மதுரைப் பக்கத்து பிளஸ் டூ பிள்ளைகள் பலருக்கு வயிறு கெட்டுப்போகும். காலையில் சாப்பிட்டது தங்காது. ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டதும் பாத்ரூமுக்கு ஓடுவார்கள், நெஞ்சு அடைக்கிறது என்பார்கள். வீட்டில் கேஸ் என்று மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். 'எங்கேயோ பயந்துருக்கு' என்று கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். இதில் எதையும் நாங்கள் குறை சொல்வதில்லை. ஆனால் பிள்ளை ஆலோசகர் முன்னால் வந்து உட்காரும்போது இரண்டு மூன்று வாரம் பள்ளிக்கூடம் போகாமல் இருந்திருக்கும். வயிற்று வலியைவிட அந்த லீவுதான் எங்களுக்குக் கஷ்டமான விஷயம்.

பதற்றம் வளர்வதே விலகி ஓடுவதில்தான். பயந்த இடத்துக்குப் போகாமல் இருந்துவிட்டால் பத்து நிமிஷத்தில் நிம்மதி கிடைக்கிறது. போகாததால்தான் தப்பித்தோம் என்று மனசு பாடம் படித்துக்கொள்கிறது. மறுநாள் அதே வாசலைத் தாண்டுவது இன்னும் கடினமாகிறது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, சுருக்கமாக சிபிடி, கை வைப்பது இந்தப் பாடத்தின் மேல். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் மனச்சோர்வுக்காக உருவாக்கிய முறை பிறகு பதற்றத்துக்கும் விரிந்தது. பயம் போன பிறகு தேர்வுக்குப் போகலாம் என்று காத்திருக்கும் பிள்ளையை, பயத்தோடேயே போகவைத்து, என்ன நடக்கிறது என்று பார்த்து எழுதவைப்பதுதான் இதன் சாரம். பலர் இதை பாசிட்டிவ் திங்கிங் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'என்னால் முடியும்' என்று எழுதிச் சுவரில் ஒட்டிய மாணவன், ஒரு யூனிட் டெஸ்டில் மார்க் குறைந்ததும் அந்தச் சுவரைப் பார்க்கவே கூசுவான்.

முதலில் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். தைராய்டு சுரப்பு கூடினாலும், ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும். ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச்சும் ஒருதரம் பார்த்துவிடுவது நல்லது. வீசிங் உள்ள பிள்ளைகள் சால்பியூட்டமால் பஃப் எடுத்தால் கை நடுங்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும்; அதையே பயம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு எத்தனை டீ, எத்தனை காபி என்றும் கேட்க வேண்டும். விடிகாலை 4 மணிக்கு எழுப்பி ஸ்ட்ராங் டீ கொடுத்துப் படிக்க உட்காரவைப்பது நம் வீடுகளின் வழக்கம். ராத்திரி 11.30க்குப் படுத்த பிள்ளைக்கு அது நாலரை மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தேவை. தூக்கத்தை அப்படியே விட்டுவிட்டு எண்ணங்களைச் சரிசெய்ய உட்காருவது வீண் வேலை.

அளவு பார்க்க ஜிஏடி-7 என்ற கேள்வித்தாள் உதவும். கடந்த 2 வாரத்தைப் பற்றி 7 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 21. 5 முதல் லேசான பதற்றம், 10 முதல் நடுத்தரம், 15 முதல் கடுமை. இதை வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது; 10 வந்தால் முழுதாக மதிப்பீடு செய்ய வேண்டும் என்று பொருள். செமினார் என்றால் மட்டும் நடுங்குகிற மாணவிக்கு இதில் 6தான் வரும், ஆனால் அவள் படிப்பையே நிறுத்திவிடலாமா என்ற யோசனையில் இருப்பாள். அதனால் எண்ணோடு ஒரு கேள்வியும் சேர்த்துக் கேட்க வேண்டும்: இந்தப் பயத்தால் எதையெல்லாம் செய்யாமல் விட்டிருக்கிறாய்?

வாரம் ஒரு அமர்வு, 45 முதல் 60 நிமிஷம், 12 முதல் 16 வாரம் என்பது வழக்கமான திட்டம். உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ வந்துபோவது அரை நாள் வேலை, சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வேறு. பாதியில் நின்றுபோவது சகஜம். ஆகவே முதல் மூன்று வாரத்தைப் பேச்சிலேயே கழித்துவிடக் கூடாது. நான்காவது அமர்வுக்குள் மாணவர் வெளியே போய் ஒரு சோதனையாவது செய்து பார்த்திருக்க வேண்டும். மாற்றம் வருவது அமர்வுகளுக்கு நடுவே செய்யும் வீட்டுவேலையில்தான்.

முதல் நாள் தாளில் வரைவது ஒரே ஒரு சம்பவத்தை. 'எக்ஸாம்னா பயம்' என்பது சம்பவம் ஆகாது. போன செவ்வாய்க்கிழமை பயாலஜி டெஸ்ட், வினாத்தாளைத் திருப்பிய நொடி என்ற அளவுக்கு இறங்க வேண்டும். அடிக்கடி வருகிற தாள் இப்படி இருக்கும். மனசில் ஓடியது: 'எல்லாம் மறந்துபோச்சு.' உடம்பு: உள்ளங்கையில் வேர்வை, வாய் உலர்ந்தது, எழுத்து மங்கலாகத் தெரிந்தது. செய்தது: முதல் கேள்வியையே திரும்பத் திரும்பப் படித்தான், யார் அடிஷனல் ஷீட் வாங்குகிறார்கள் என்று பார்த்தான், தண்ணீர் குடித்தான், பாத்ரூம் போக அனுமதி கேட்டான். 25 நிமிஷம் போயிற்று. மார்க் குறைந்தது. கடைசியில், 'சொன்னேன்ல, மறந்துதான் போச்சு.'

இவற்றை அம்புக்குறி போட்டு இணைத்ததும் பையனே பிடித்துவிடுவான்: படித்தது எங்கேயும் போகவில்லை, கவனம்தான் கேள்வியை விட்டு நெஞ்சுத் துடிப்புக்கும் அடுத்த பெஞ்சுக்கும் போயிருக்கிறது. இதை அங்கேயே சோதிக்கலாம். அதே வினாத்தாளைக் கொடுத்து, பிடித்த கேள்வியிலிருந்து ஆரம்பித்து 10 நிமிஷம் எழுதச் சொல்ல வேண்டும். விடை சரளமாக வந்தால் சிக்கல் பதற்றம். வரவில்லை என்றால் படிப்பு போதவில்லை, அல்லது படித்த விதம் சரியில்லை. நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். படிக்காத பாடத்தைப் பற்றிய பயம் நியாயமான பயம். அதற்கு டைம்டேபிள் போட்டு உட்கார வேண்டும், சிபிடி அதைத் தீர்க்காது. இந்த இரண்டையும் பிரிக்காமல் தொடங்கிய சிகிச்சை பெரும்பாலும் இழுத்துக்கொண்டே போகும்.

அடுத்தது எண்ணப் பதிவுத் தாள். சூழல், உணர்ச்சியும் அதன் அளவும், தானாக வந்த எண்ணம், அதற்கு ஆதரவான ஆதாரம், எதிரான ஆதாரம், இரண்டையும் சேர்த்துப் பார்த்த வாக்கியம், இப்போது உணர்ச்சி எவ்வளவு என்று ஏழு கட்டம். இது கெட்டுப்போகிற இடங்கள் எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணக் கட்டத்தில் 'பயமா இருக்கு' என்று எழுதுவார்கள், அது உணர்ச்சி. 'ஃபெயில் ஆயிட்டா?' என்று கேள்வியாக எழுதுவார்கள். கேள்வியை எடைபோட்டுப் பார்க்க முடியாது. 'கெமிஸ்ட்ரில ஃபெயில் ஆயிருவேன், 80 சதவீதம் நம்புறேன்' என்று மாற்றினால்தான் சோதிக்க முடியும். ஆதாரம் என்ற இடத்தில் 'எனக்கே தெரியுது' என்று வரும். கடைசி மூன்று டெஸ்ட் மார்க்கைத்தான் அங்கே எழுத வேண்டும். முடிவு வாக்கியம் ஆலோசகருக்குப் பிடித்த மாதிரி அழகாக வரும், மாணவருக்கு அதில் நம்பிக்கை இருக்காது. 'கெமிஸ்ட்ரில 42, 38, 51 வாங்கிருக்கேன். ஆர்கானிக் இன்னும் பாக்கி. பாஸ் ஆயிருவேன், நல்ல மார்க்குக்கு இன்னும் மூணு வாரம் உழைக்கணும்' என்பது கவர்ச்சியில்லாத வாக்கியம்தான். ஆனால் எழுதியவரே 70 சதவீதம் நம்புகிறார். அதுதான் பலன் தரும்.

நோட்டை வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்ற கவலை பிள்ளைகளுக்கு உண்டு, அதில் அர்த்தமும் உண்டு. முதல் அமர்விலேயே பெற்றோரிடம் படிக்க மாட்டோம் என்று வாக்கு வாங்கிவிட வேண்டும். முடியாத வீடு என்றால் செல்போனில் கடவுச்சொல் போட்ட குறிப்பு போதும்.

'அப்படி நடந்தா என்ன ஆகும்?' என்று ஒவ்வொரு பதிலுக்கும் கேட்டுக்கொண்டே போனால் அடியில் உள்ள எண்ணம் மேலே வரும். கட் ஆஃப் குறையும். கவர்மென்ட் காலேஜ் சீட் கிடைக்காது. பிறகு, 'அப்பா முகத்துல எப்படி முழிப்பேன்?' அங்கேதான் கண் கலங்கும். அப்பா மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவராக இருப்பார், அம்மாவின் சங்கிலி கோச்சிங் ஃபீஸுக்காக அடகில் இருக்கும். இதைச் சிந்தனைப் பிழை என்று பெயர் சூட்டி மாற்றப் பார்க்கிற ஆலோசகரை அந்தப் பிள்ளை அடுத்த வாரம் தேடி வராது, வரவும் வேண்டாம். கடன் உண்மை. 'மார்க் குறைஞ்சா நான் வீட்டுக்குப் பாரம்' என்பது அதிலிருந்து பிள்ளையே எடுத்த முடிவு. சோதிக்க வேண்டியது அந்த முடிவை மட்டும். அப்பாவிடமே கேட்பது ஒரு வழி. ஆனால் அதற்கு முன்னால் பிள்ளையின் சம்மதத்தோடு அவரைத் தனியாகப் பார்த்துப் பேசிவிட வேண்டும். 'வட்டியை நான் பாத்துக்கிறேன் பாப்பா, நீ உடம்பக் கெடுத்துக்காத' என்கிற அப்பாக்கள் நிறைய பேர். 'இவ்வளவு செலவழிச்சும் இப்படி உக்காந்திருக்கியே' என்கிறவர்களும் உண்டு. அவர் எந்த வகை என்று தெரியாமல் இருவரையும் எதிரெதிரே உட்காரவைப்பது ஆபத்து.

கல்லூரியில் இதே பயம் செமினார், வைவா என்று வேறு உருவத்தில் வரும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு நகரத்துக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷ மாணவியை எடுத்துக்கொள்ளலாம். 'இங்கிலீஷ்ல தப்பாப் பேசிருவேன், கை ஆடும், எல்லாரும் சிரிப்பாங்க.' இதற்குப் படிக்கட்டு போட வேண்டும், ஒவ்வொரு படிக்கும் 0 முதல் 100 வரை பயத்தின் அளவு. அறையில் தனியாக இரண்டு நிமிஷம் வாய்விட்டுப் பேசிப் பதிவு செய்வது 25. ஒரு தோழி முன்னால் பேசுவது 35. லைப்ரரியில் ஒரு புத்தகத்தை இங்கிலீஷில் கேட்பது 45. வகுப்பில் ஒரு டவுட் கேட்பது 60. ஐந்து பேர் முன்னால் மூன்று நிமிஷம் 70. வகுப்பு முழுக்க உட்கார்ந்திருக்கத் தாளைப் பார்த்து ஐந்து நிமிஷம் 80, தாள் இல்லாமல் 90. கடைசிப் படி: பேசும்போது வேண்டுமென்றே ஒரு வார்த்தையைத் தவறாகச் சொல்லி, நிறுத்தி, திருத்திக்கொண்டு மேலே பேசுவது. எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது இந்தப் படிதான், பெரும்பாலோர் தவிர்க்கப் பார்ப்பதும் இதையே.

35 அளவில் ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு படியையும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு ஆட்கள் முன்னால் மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். போகும் முன் என்ன நடக்கும் என்ற கணிப்பு, வந்தபின் என்ன நடந்தது என்ற ஒரு வரி, இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். பயம் பாதியாகும் வரை அங்கேயே நிற்க வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். உளவியலாளர் மிஷெல் கிராஸ்க் போன்றவர்களின் ஆய்வுகளுக்குப் பிறகு, கணிப்பு பொய்த்ததைக் கண்ணால் பார்ப்பதற்கே அழுத்தம் தருகிறோம். பயம் குறையாமலே செமினார் நல்லபடியாக முடிந்தால் அதுவும் வெற்றி.

இங்கே கண்ணில் படாமல் போவது பாதுகாப்புச் செயல்கள். மாஸ்க் போட்டுக்கொள்வது, துப்பட்டா முனையைச் சுருட்டிப் பிடித்துக்கொள்வது, தலை நிமிராமல் படபடவென்று பேசி முடிப்பது, தோழியைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வது. இவை இருக்கும்வரை செமினார் நன்றாக முடிந்தாலும் 'மாஸ்க் இருந்ததால தப்பிச்சேன்' என்றுதான் மனசு எடுத்துக்கொள்ளும். கையில் கட்டிய கயிறும் திருநீறும் இருக்கட்டும், அது அவரவர் நம்பிக்கை. கயிறு அறுந்தால் ஹாலுக்குள் போகவே முடியாது என்கிற நிலை வந்தால் அது படிக்கட்டில் சேர வேண்டிய விஷயம். மூச்சுப் பயிற்சியும் அப்படித்தான். 'மூச்ச நல்லா இழுத்து விடு' என்று சொல்லிச் சொல்லி, பிள்ளை வேகமாக இழுத்து விட்டு, விரல் மரத்துப்போய் இன்னும் பயந்துவிடும். சொல்லிக் கொடுப்பதானால் நிமிஷத்துக்கு ஆறு மூச்சு, இழுப்பதைவிட விடுவது நீளமாக. அதையும் படியேறும் நேரத்தில் ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்ள விடக் கூடாது.

கை நடுக்கத்துக்கு வீடியோ நல்ல சோதனை. பிரிட்டிஷ் உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995ல் சமூகப் பதற்றத்துக்கு வகுத்த மாதிரியிலிருந்து வந்தது இது. பேச்சைச் சம்மதத்தோடு அவர்கள் செல்போனிலேயே எடுக்க வேண்டும். பார்ப்பதற்கு முன்னால், என்ன தெரியும் என்று சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு யாரோ ஒரு தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்க்கச் சொன்னால், உள்ளே 90 என்று உணர்ந்த நடுக்கம் வெளியே ஏறக்குறைய தெரியவே இல்லை என்பது அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

டவுன் பஸ்ஸில் நெரிசலில் நிற்கும்போது திடீரென்று மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்று இறங்கி ஓடுவது வேறு வகை. பீதித் தாக்கு பொதுவாக 10 நிமிஷத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கிவிடும். பாதியில் இறங்கிவிடுகிறவருக்கு அது இறங்கும் என்பது கடைசிவரை தெரிவதில்லை. அறையில் ஒரு நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவைத்து, அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக்குவோம். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு இருந்தால் டாக்டர் சம்மதம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. பிறகு பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு ஸ்டாப், அப்புறம் நான்கு, அப்புறம் காலை நெரிசல் நேரம். அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைய கூட்டத்தைக் கடைசிப் படியாக வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பயமே இல்லாதவருக்கும் அங்கே நெரிசல் ஆபத்து உண்டு. ஊரில் எல்லாரும் தினமும் செய்கிற காரியம் வரை போனால் போதும்.

நர்சிங் மாணவிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. சாதாரணப் பதற்றத்தில் ரத்த அழுத்தம் ஏறுவதால் மயக்கம் அபூர்வம். ரத்தம், ஊசி பார்த்தால் வருகிற பயத்தில் அழுத்தம் சட்டென்று இறங்கி நிஜமாகவே மயங்கி விழுவார்கள். இவர்களிடம் உடம்பைத் தளர்த்தச் சொன்னால் நிலைமை மோசமாகும். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் சொன்ன முறை: கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடாகும்வரை 10 முதல் 15 விநாடி இறுக்கி, 20 முதல் 30 விநாடி விட வேண்டும்; ஐந்து முறை. வீட்டில் பழகிய பிறகு வார்டில்.

வீட்டாரிடம் கேட்பது ஒன்றே ஒன்று, அது கடினமானது. 'அம்மா, நான் பாஸ் ஆயிருவேன்ல?' 'ஆயிருவடா, பயப்படாத.' ஐந்து நிமிஷம் கழித்து அதே கேள்வி. ஆறுதல் அந்த நேரத்துக்கு மட்டும் தணிக்கும், கேள்வி கூடிக்கொண்டே போகும். பிள்ளையும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒரு நாளைக்கு ஒரு தடவை பதில். அதற்கு மேல், 'இதைத்தான நேத்தும் கேட்ட, நீ என்ன எழுதிவச்சிருக்க, பாருய்யா.' பிள்ளைக்குத் தெரியாமல் அம்மா மட்டும் திடீரென்று பதிலை நிறுத்தினால் அது தண்டனையாகவே படும். ஓயாத கவலைக்குச் சாயங்காலம் 15 நிமிஷம் ஒதுக்கி, மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதலாம். நாள் முழுக்க வருவதை ஒரு வார்த்தை குறித்துவைத்து அந்த நேரத்துக்குத் தள்ள வேண்டும். படுக்கும் நேரத்தில் மட்டும் இதை வைக்காதீர்கள். லீவில் இருக்கும் பிள்ளையை 'சரியானதும் போகட்டும்' என்று விடாமல், முதல் நாள் பள்ளி லைப்ரரியில் ஒரு மணி நேரம், பிறகு ஒரு பீரியட், பிறகு காலை வேளை என்று வகுப்பாசிரியரோடு பேசி ஏற்றவும்.

தேர்வு நாளுக்கு வருவோம். நம் மாநில பிளஸ் டூ பொதுத் தேர்வில் 10.00 முதல் 10.10 வரை வினாத்தாள் வாசிக்க, 10.15 வரை விவரங்கள் நிரப்ப, 1.15 வரை எழுத. அந்தப் பத்து நிமிஷத்தில் தெரியாத கேள்வியில் கண் போய் ஒட்டிக்கொள்ளும். தெரிந்த கேள்விகளை மட்டும் மனசுக்குள் வரிசைப்படுத்துவதே அந்த நேரத்து வேலை. நடுவில் ஒரு விடை வராவிட்டால் இரண்டு நிமிஷம்தான், இடம் விட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இதை மார்ச்சில் முதல்முறையாகச் செய்தால் பலிக்காது. வீட்டிலேயே 10 மணிக்குப் பழைய வினாத்தாளோடு உட்கார்ந்து, தண்ணீருக்குக்கூட எழாமல் 1.15 வரை முழுதாக எழுதிப் பழகியிருக்க வேண்டும்.

வகுப்பில் அடி விழுகிறது, சாதியைச் சொல்லிச் சீண்டுகிறார்கள், ராகிங், தகாத தொடுதல் என்றால் பிள்ளையின் எண்ணத்தைத் திருத்துவது அநியாயம். நிறுத்த வேண்டியது அந்தக் கொடுமையை; சிறுவர்களுக்கு 1098 உதவி எண் இருக்கிறது. சாக வேண்டும் போலிருக்கிறது என்றாலோ, நாள்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் இல்லை என்றாலோ படிக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் தமிழில் பேசும், மாநில அரசின் 104ம் உண்டு. பதற்றம் கடுமையாக இருந்தால் டாக்டர் மாத்திரையும் சேர்த்துத் தருவார். அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. நடுக்கம் போக நண்பன் சொன்ன புரோபிரனலால் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுவது ஆஸ்துமா உள்ளவருக்கு உயிராபத்து.

முடிக்கும் தறுவாயில் ஒரு பக்கத் தாள் தயார் செய்கிறோம்: திரும்ப வருவதன் முதல் அறிகுறி என்ன, எந்தப் படிக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும். ஒரு மாதம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் ஒவ்வொரு அமர்வு. ரிசல்ட் வரும் வாரம், கவுன்சலிங், புதுக் கல்லூரியில் முதல் வாரம், இந்த மூன்றிலும் பதற்றம் தலைதூக்கும். அந்தத் தேதிகளையும் தாளிலேயே குறித்து, ஒரு நகலை வீட்டிலும் கொடுத்து அனுப்புகிறோம்.